அப்பாவுக்குக் கேட்கும் கார்

அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிட வேண்டும் என்று குடும்பத்தில் முடிவாயிற்று. குடும்பம் என்றால் நானும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும், அவன் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் குரல் மட்டும் கொடுத்த அவன் மனைவியும்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பேச்சு வந்ததும் தம்பிக்கு லைன் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. "அக்கா, நீதான் பக்கத்துல இருக்க. நீ சொன்னா கேப்பாரு லா" என்றான். அப்பா யார் சொன்னாலும் கேட்கமாட்டார். அதில் காது கேட்காதது பாதிதான்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலம் போனதில் முதலில் வலது காது போயிற்று, பிறகு இடது காதும் அதற்குத் துணையாகப் போயிற்று. காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அது கிள்ளான் பக்கம் பண்டமாரானில் அப்பா வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்குள், தம்பியின் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் "பிள்ளைங்க வாங்கிக் குடுத்தது" என்று பெருமையாகக் காட்டுவார். மாட்டிக்கொள்ள மட்டும் மாட்டார்.

அவருடைய கார் சின்ன மெனுவல் கார். ஆயுளில் முக்கால்வாசியை லோரியில் கழித்தவர், கியரைக் காதால் மாற்றிப் பழகியவர். எஞ்சின் முனகினால் இறக்குவார், கத்தினால் ஏற்றுவார். காது போன பிறகு இரண்டாவது கியரிலேயே கிள்ளான் முழுக்க அலறிக்கொண்டு போவதும், சிக்னலில் எஞ்சின் அணைந்தது தெரியாமல் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமாக ஆயிற்று. கடைசியில் ஒருநாள் ஆம்புலன்ஸ் பின்னால் நின்று அலற, இவர் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாராம். அம்மா அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாளாம். இதை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வராததற்குக் காரணம் என் வேலை. கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கார் விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பவள் நான். காலையிலிருந்து மாலை வரைக்கும் நசுங்கிய பம்பர்களின் படங்கள்தான் என் கண்ணில் படும். "கவனிக்கவில்லை" என்ற சொல்லை இத்தனை விதமாக எழுத முடியும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீதியில் நடக்கும்போதுகூட எந்தக் கார் எந்தப் பக்கம் அடிவாங்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட அப்பா.

அம்மா எங்கள் முடிவுக்கு எதிர்க்கட்சி. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காய்கறி வாங்கப் பாசார், கோயில், ஜெஞ்சாரோமில் சித்தி வீடு, எல்லாமே அந்தக் காரில்தான். "சாவிய வாங்கிட்டா நா எப்படிப் போறது? ஒன் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்து கூட்டிட்டுப் போவானா?" என்று போனில் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போனேன். மடியில் வடைப் பொட்டலம், வாயில் ஒத்திகை. "அப்பா, இனிமே கார் வேணாம்ப்பா" என்று ஒரு தடவை. "அப்பா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று ஒரு தடவை. இரண்டையும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும் என்பதுதான் கொடுமை. காது கேட்காதவரிடம் கனிவாக எதையும் சொல்ல முடியாது. நல்ல வார்த்தையும் சண்டை மாதிரியே வெளியே வரும், பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். ரயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று போக, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன், பொட்டலத்தின் எண்ணெய் பைக்குள் இறங்கியதைப் பார்த்து யாரையோ திட்டினேன்.

வீட்டுக்குப் போனால் போர்ச்சில் காரின் பானட் திறந்திருந்தது. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா, இந்த டார்ச்சப் புடி" என்றார். எத்தனை மாதம் கழித்துப் பார்த்தாலும் அவருடைய வரவேற்பு இப்படித்தான், கையில் எதையாவது திணிப்பார்.

தரையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள்ளே வளைந்த அலுமினியக் குழாய், ரப்பர் குழாய், குழாயை இறுக்கும் கிளாம்ப்புகள், சின்ன அன்னாசிப் பழம் அளவில் ஒரு சிவப்பு ஃபில்டர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மீசை முளைத்த கையோடு லைசென்ஸ் எடுக்கும் பையன்கள் காரில் மாட்டுகிற ஏர் இன்டேக். காற்றை நிறைய இழுக்கும், வேகம் கூடும் என்பார்கள். வேகம் கூடுகிறதோ இல்லையோ, ஆக்சிலேட்டரை அமுக்கும்போதெல்லாம் பானட்டுக்குள்ளிருந்து புலி மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மாட்டுவார்கள்.

"என்னம்மா இது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"என்னைக் கேட்டா? கிள்ளான்ல கார் சாமான் கடைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி வாங்கிட்டு வந்திருக்காரு. கடைக்காரப் பையன், 'அங்கிள், பேரனுக்கா?'ன்னு கேட்டான். இவரு 'ஆமா ஆமா'ன்னுட்டாரு."

'ஆமா ஆமா' என்பது அப்பாவின் காதுக்கருவி. காதில் விழாத எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். ரொட்டி சானாய்க் கடையில் "அங்கிள், தே தாரேயா, கோப்பியா?" என்று கேட்டால் ஆமா ஆமா. டாக்டர் "மூச்சு வாங்குதா?" என்றால் ஆமா ஆமா. அதற்காக ஒருமுறை அவருக்கு நெஞ்சுப் படமே எடுத்தார்கள்.

நான் வந்த காரியத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் டார்ச் கையில் இருந்தது, அவர் தலை பானட்டுக்குள் இருந்தது. குனிந்திருக்கும் செவிட்டு மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? முகத்தைத் திருப்பினால்தானே உதட்டைப் பார்ப்பார். சரி, இந்தக் கூத்து முடியட்டும் என்று டார்ச்சைப் பிடித்தேன்.

முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். பிறகு, எஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த கருப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் வேண்டும், உலகத்தில் எந்த வீட்டிலும் வேண்டிய நேரத்தில் கிடைக்காத ஸ்பானர் அது. அப்பா தேடினார், நான் தேடினேன், அம்மா சமையலறையிலிருந்து கொண்டுவந்தாள். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் கிடந்ததாம். ஏன் அங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய ஃபில்டர், துறைமுகத் தூசி படிந்து கருங்கல் நிறத்தில். ஒரு காய்ந்த இலை, உடைந்த பல்லி முட்டை ஓடு. அப்பா அதை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டி, "இத வெச்சுக்கிட்டு இது எப்படி மூச்சு விடும்?" என்று கேட்டார். புது ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டால் சாதாரணமாகவே மூச்சு விடும் என்று சொன்னேன். "ஆமா ஆமா" என்றார்.

எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. போர்ச்சுக்கு மேல் தகரக் கூரை, வெயில் அதில் பட்டு முதுகில் இறங்கியது. ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். டார்ச் வெளிச்சம் ஆடியதும் "ஆட்டாத" என்றார். போனில் தம்பியின் செய்தி வந்தது: 'சொல்லிட்டியா?' சிங்கப்பூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கேள்விக்குறி போடுவது எவ்வளவு சுலபம்.

பழைய குழாயில் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று இருந்தது, கட்டைவிரல் நீளத்தில். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று பார்த்து, அதற்கேற்ப பெட்ரோல் விடச் சொல்வது அதன் வேலை. அதை மெல்லக் கழற்றிப் புதுக் குழாயில் பொருத்தியபோது அப்பா நிமிர்ந்து முதுகை நீட்டினார். இதுதான் சமயம் என்று அவர் தோளைத் தட்டினேன். என் வாயைப் பார்த்தார்.

"ஏம்ப்பா உங்களுக்கு இந்த வேலை?" என்றேன். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதுதான் முதலில் வந்தது.

அவர் கைலி நுனியில் கையைத் துடைத்தார். "போன மாசம் நம்ப லோரோங்ல, இந்தத் தெருவுலதான், ஒரு பையன் காரு போச்சு. நா உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். படிக்கிறத விட்டுட்டு வெளிய வந்து பாத்தேன்."

"எதுக்கு?"

"கேட்டுச்சு மா" என்றார். "இந்த வருசம் பூரா எனக்கு நல்லாக் கேட்ட காரு அது ஒண்ணுதான்."

நான் டார்ச்சை அணைத்தேன், மறுபடி போட்டேன்.

"இந்தக் காரு ஓடுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. ஸ்டேரிங்ல கைய வெச்சு, அதிருதான்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். அப்புறம் எங்க கியர் மாத்துறது? சத்தம் இருந்தா ஓட்டிடுவேன். ஒங்கம்மா சும்மா பயந்துக்கிட்டே ஒக்காந்து வர்றா, பாவம்."

சாவியை வாங்கப் போகிறோம் என்று இவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டதா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், தான் ஒன்றும் சொல்லவில்லை என்று. அவருக்குத் தெரியாது. தானாகவே தன் குறையைக் கண்டுபிடித்து, தானாகவே அதற்கு மருந்தும் வாங்கி வந்திருக்கிறார், அதுவும் ஒரு விடலைப் பையனிடமிருந்து யோசனை எடுத்து. அவர்மேல் எனக்குப் பிரியமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. இப்படி ஒரு காரணத்தைச் சொன்னால் ஒத்திகை பார்த்து வந்ததை நான் எப்படிச் சொல்வது?

மிச்ச வேலையை வேகமாக முடிக்கப் பார்த்தேன். எஞ்சின் பக்கம் ரப்பர் குழாய், அதன் இரண்டு முனையிலும் கிளாம்ப், இந்தக் கோடியில் சிவப்பு ஃபில்டர். என் பக்கத்துக் கிளாம்ப்பை ஸ்க்ரூடிரைவரால் நான் இறுக்கினேன். அவர் பக்கம் எட்டவில்லை. "அந்தக் கோடி கிளாம்ப நீங்க இறுக்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா ஆமா" என்றார்.

இத்தனை வருஷமாக அந்த ஆமா ஆமாவைக் கேட்டுப் பழகியவள் நான். அன்றைக்கு மட்டும் நம்பினேன். மனசு முழுக்கச் சாவியிலேயே இருந்தது.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினார். முதலில் வழக்கமான முனகல்தான். பிறகு ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கினார் பாருங்கள், போர்ச் தகரமே அதிர்ந்தது. அம்மா இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆன்டி எதிர்பார்த்தபடியே கேட்டுக்கு வந்தார். அப்பா ஸ்டேரிங்கைப் பிடித்தபடி தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மறுபடி அமுக்கினார், விட்டார், அமுக்கினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷமாக இருக்கிறதே என்று இன்னும் கடுப்பாக இருந்தது.

"வா, பாசார் வரைக்கும் ஓட்டிட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

சரி, போய்விட்டு வரும் வழியில் ஓரமாக நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது நான்தான் ஓட்டி வருவேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்மா விடவில்லை. "புதுச் சாமான் போட்டிருக்கு. சும்மாவா எடுக்கிறது? இருங்க" என்று உள்ளே போனாள். புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எல்லாரும் செய்கிறதுதான். அம்மாவுக்கு அது போதாது. புது டயருக்குப் பழம், புது பேட்டரிக்குப் பழம், ஒருமுறை வைப்பர் மாற்றியதற்கும் பழம். நைட்டியை மாற்றிச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, தட்டில் கற்பூரத்தோடு வந்தாள். சிவப்பு ஃபில்டருக்கு ஒரு பொட்டு வைக்கப் போனவளை அப்பா தடுத்துப் பானட்டை மூடினார். மூடிய பானட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். நாலு டயருக்கும் முன்னால் நாலு பழத்தை வைத்தாள். அப்பா உள்ளே ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

நான் கேட்டைத் தள்ளித் திறந்தேன். எங்கள் போர்ச் கேட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவாக இருக்கும், மழைத்தண்ணீர் வெளியே லோங்காங் சாக்கடையில் போய் விழட்டும் என்று கட்டியது. காரின் முகம் கேட்டைப் பார்த்து நின்றது. அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரியா என்று கையைக் காட்டினார். நான் ரோட்டில் வண்டி ஏதும் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அந்த நேரத்தில் இடது முன் டயரின் பழம் உருண்டது. சரிவில் உருண்டு என் பக்கம் வந்தது. அம்மா அதை ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய், டயருக்கு முன்னால் குந்தினாள். பழம் இல்லாமல் ஒரு டயர் புறப்படுவதை அவளால் பொறுக்க முடியாது. அவள் கொண்டைப் பூ பானட்டுக்குக் கீழே மறைவதைப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு நானும், திறந்த கேட்டும், என் கட்டைவிரலும்தான்.

ஆக்சிலேட்டரை அமுக்கினார்.

"அப்பா, நில்லுங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைச் சாய்த்து வைத்திருந்தார், முகத்தில் அதே சிரிப்பு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார், அது அம்மா இல்லை, நான் இல்லை, அந்தக் குழாய். கார் நகர்ந்தது.

பானட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. கார் முன்பக்கம் குத்தி நின்றது.

அப்புறம் அந்த லோரோங்கே அமைதியாகிவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அலுவலகத்தில் பார்த்த அத்தனை படங்களும் கண்ணுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றின.

அப்பா கதவைத் திறந்து கோபத்தோடு இறங்கினார். "குழாய் கழண்டுக்கிச்சு. கிளாம்ப இறுக்கச் சொன்னா ஒழுங்கா இறுக்க மாட்டியா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே பானட்டைத் தூக்க முன்பக்கம் வந்தார். வந்தவர் நின்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பழம் டயருக்கடியில் நசுங்கியிருந்தது. அதன் சாறும் விதையும் அவள் விரல்களில். அவள் சேலைக் கொசுவத்தின் அடி டயருக்குக் கீழே போயிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "பழம் நசுங்கிடுச்சு" என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவர் அவள் உதட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், டயர் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்.

சேலையை விடுவிக்க வேண்டுமானால் காரைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். குழாய் கழன்ற கார் உயிர் பிடிக்காது. நியூட்ரலில் போட்டு மேட்டில் தள்ள வேண்டும், யாராவது ஒருத்தர் உள்ளே பிரேக்கில் கால் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சரிவில் முன்னால் வந்துவிடும். முன்னால் அம்மா இருந்தாள்.

அப்பா ஓட்டுநர் கதவுக்குப் போனார். கதவில் கையை வைத்தார். ஏறவில்லை. உள்ளே கையை விட்டுச் சாவியை உருவி எடுத்தார், என்னிடம் நடந்து வந்தார், என் உள்ளங்கையில் வைத்தார். "நீ ஒக்காரு மா. நா தள்ளுறேன்" என்றார்.

அந்த வேலைக்குச் சாவியே தேவையில்லை. அவருக்கும் அது தெரியும்.

நான் உட்கார்ந்தேன். பிரேக்கை அமுக்கிக்கொண்டு நியூட்ரலுக்கு மாற்றினேன். பானட்டில் திருநீற்றுப் பட்டைமேல் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் தள்ளத் தள்ள நான் காலை மெல்ல விட்டேன். வயதான உடம்பு, மேடு, நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. நான் இறங்கி உதவி செய்யவும் முடியாது. அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததே கிடையாது. கார் பின்னால் போயிற்று. நான் பிரேக்கை முழுக்க அமுக்கி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அம்மா சேலையை உருவிக்கொண்டு எழுந்து, முதல் வேலையாக அவர் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

பிறகு டீ குடித்தோம், ஆறிப்போன வடையைத் தின்றோம். அம்மா, குழாய் கழன்றதற்கு அம்மனுக்குப் பாலாபிஷேகம் என்று வேண்டிக்கொண்டாள். அப்பா பானட்டைத் திறந்து குழாயை மாட்டி, இரண்டு கிளாம்ப்பையும் தானே இறுக்கி, இழுத்து இழுத்துப் பார்த்தார். "அந்தக் கோடிய நீங்க இறுக்கிட்டதாச் சொன்னீங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "ஆமா" என்றார், ஒரே ஒரு தடவை. கேட்டுச் சொன்ன ஆமா அது.

சாயங்காலம் நான் கிளம்பியபோது, "ரயில்ல போவாத. கார எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். காலையிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எதிர்க்கட்சியான அம்மாவே போய் கேட்டைத் திறந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வந்த காரியம் முடிந்தால் சந்தோஷம்தானே படவேண்டும்? அவர் அந்தப் பழைய கருப்புப் பெட்டியைத் துடைத்துப் பின்சீட்டில் வைத்தார். "சத்தம் புடிக்கலன்னா போமன்கிட்ட குடுத்து இத மாட்டிக்கோ" என்றார். போமன் என்றால் எங்கள் ஊரில் மெக்கானிக். நான் ஸ்டார்ட் செய்ததும் பானட்டில் கையை வைத்து, இன்னும் அமுக்கு என்று சைகை காட்டினார். அமுக்கினேன். "கேக்குது" என்றார், கையை எடுத்துக்கொண்டார்.

ஃபெடரல் ஹைவேயில் தலைவலியோடு வீடு வந்து சேர்ந்தேன். தம்பிக்கு 'சாவி கிடைத்தது' என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்ப வந்தது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் நான் பண்டமாரானுக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். அம்மாவைப் பாசாருக்கும் ஜெஞ்சாரோமுக்கும் கூட்டிப்போவது என் பொறுப்பு. மற்ற நாளில் அவள் போனில் கார் கூப்பிடக் கற்றுக்கொண்டு, வருகிற ஓட்டுநர்களை எல்லாம் குறை சொல்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் என் ப்ளாட் காவலாளி காரைப் பார்த்தால் சிரிக்கிறார். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், இந்த வயதில் உனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்கிறார்கள். உடனே கழற்றிப் பழையதை மாட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

முதல் ஞாயிறு நான் போனபோது, அப்பா ஏற்கெனவே கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். போன் செய்து சொன்னாயா என்று அம்மாவைக் கேட்டேன்.

"நா எங்க சொன்னேன்? நீ முனையில திரும்புறப்பவே பேப்பர மடிச்சு வெச்சுட்டாரு. பாப்பா வந்துட்டான்னு எழுந்து போறாரு" என்றாள்.

அந்தக் கருப்புப் பெட்டி இன்னும் பின்சீட்டில்தான் இருக்கிறது. லோரோங் முனை வந்ததும் நான் இரண்டாவது கியருக்கு இறக்கி, தேவையே இல்லாமல், ஒரு அமுக்கு அமுக்குகிறேன்.